ஆண்டுக்கு நான்கு மில்லிகிராம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அப்பாவுக்கு முட்டுக் கொடுக்கும் வேலை. வெட்டிய பாதையில் பாறை சரியாமலிருக்க மரம் அடுக்கிக் கட்டுகிற பிரிவு. அதே சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். "இரும்புப் பெட்டியா அடுக்கி வெச்சிருக்காங்கம்மா. தங்கம் எடுக்கல, கல்லு உடைக்கல. சும்மா காத்துக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார் அப்பா. சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற உத்தியோகம் எங்கள் லைன் வீட்டுக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை.

பிறகு நான் இயற்பியல் படித்து, ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அதையே நடத்தி, ஓய்வும் பெற்றாயிற்று. அப்பாவின் வர்ணனையில் திருத்துவதற்கு இன்றுவரை எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவர்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் நியூட்ரினோவுக்காக. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கிற நியூட்ரினோக்களின் தடயத்தை 1965-இல் உலகுக்கு முதலில் அறிவித்தது கோலாரில் வேலை செய்த இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் கூட்டுக் குழு. 1980-இல் காத்திருப்பு வேறொன்றுக்கு மாறியது: புரோட்டான் என்றாவது தானாகச் சிதையுமா? அதற்கு 140 டன் எடையில் இரும்பு உணரி. அந்தப் பெட்டிகளே, கூடுதல் செலவில்லாமல், காந்தத்தின் ஒற்றை முனை தனியாக வந்து விழுமா என்றும் பார்த்துக்கொண்டன.

நிலத்துக்கடியில் பெரிதாக ஒன்றைக் கட்டிவிட்டால், எதற்காகக் கட்டினோமோ அதை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று சட்டமில்லை. உலகின் பெரிய நியூட்ரினோ உணரிகள் பலவற்றில் ஓரமாக நடந்துவரும் அப்படியொரு வேட்டையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தேடப்படுவது விந்தைப் பருப்பொருள். ஸ்ட்ரேஞ்ச் என்னும் குவார்க் கலந்த, நம் அணுக்கரு எதையும் போல இல்லாத, ஒரு சரக்கு.

நம் உடம்பும் சுரங்கப் பாறையும் இரண்டே வகைக் குவார்க்கால் ஆனவை. அப், டவுன். இரண்டு அப், ஒரு டவுன் சேர்ந்தால் புரோட்டான். ஒரு அப், இரண்டு டவுன் சேர்ந்தால் நியூட்ரான். மூன்றாவது வகையான ஸ்ட்ரேஞ்ச் குவார்க் எடை கூடியது. அதைச் சுமக்கும் துகளை மான்செஸ்டரில் ரோச்செஸ்டர், பட்லர் என்ற இருவர் 1947-இல் மேக அறைப் படங்களில் கண்டார்கள். அப்படிப்பட்ட துகள்கள் உண்டான கொஞ்ச நேரத்திலேயே உடைந்து சாதாரணத் துகள்களாகிவிடுகின்றன. ஆகவே மூன்றாவது குவார்க்கைப் பிரபஞ்சத்தின் தற்காலிக ஊழியர் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

1971-இல் ஆர்னால்ட் போட்மர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதைப் புரட்டிப் போட்டார். ஒன்றிரண்டாக இல்லாமல், மூன்று வகைக் குவார்க்கும் ஏறக்குறைய சம அளவில், பெருங்கூட்டமாகச் சேர்ந்தால் என்ன ஆகும்? அந்தக் கூட்டம் இரும்பின் அணுக்கருவைவிட உறுதியாக இருக்கக்கூடும் என்றார்.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கல்யாணப் பந்திதான் எனக்குக் கைகொடுத்தது. இரண்டு வரிசை இலை போட்டிருக்கிறார்கள். ஓர் இலையில் ஒருவர்தான் உட்காரலாம் என்பது குவார்க்குகளுக்கும் பொருந்தும் விதி. பௌலி என்பவர் பெயரால் வழங்குவது. முன்னிலைகள் நிரம்ப நிரம்ப, பின்னால் வருகிறவர் தொலைவிலுள்ள இலைக்குப் போக வேண்டும், அதாவது அதிக ஆற்றலோடு இருக்க வேண்டும். மூன்றாவது வரிசை திறந்தால் கடைசியில் இருப்பவர்கள் அங்கே முன்னிலைக்கு வந்துவிடலாம். மொத்த ஆற்றல் குறையும். ஆனால் மூன்றாவது வரிசைக்கு ஒரு கட்டணம் உண்டு, ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கின் கூடுதல் எடை. மிச்சமாகும் ஆற்றல் கட்டணத்தைவிட அதிகமா, குறைவா? முழு விவகாரமும் இந்த ஒரு கழித்தல் கணக்கில் தொங்குகிறது. அந்தக் கணக்கைக் காகிதத்தில் துல்லியமாகப் போட இன்றைக்கும் ஒருவராலும் முடியவில்லை.

அப்படியானால் உன் கையிலிருக்கும் இரும்புச் சாவி ஏன் இன்னும் விந்தைப் பருப்பொருளாக மாறவில்லை என்று மாணவர்களைக் கேட்பேன். விடை எளிது. ஒரு குவார்க் மட்டும் மாறினால் லாபமில்லை, நஷ்டம்தான். பத்துப் பதினைந்து குவார்க்குகளாவது ஒரே நொடியில் சேர்ந்து மாறினால்தான் லாபக் கணக்கு தொடங்கும். ஒன்று மாறுவதே அபூர்வமான செயல். அத்தனையும் ஒருமிக்க மாறுவதற்குப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

1984-இல் இந்த விஷயத்துக்குத் திடீரென்று மவுசு வந்தது. பிரின்ஸ்டனில் எட்வர்ட் விட்டன், பிரபஞ்சம் பிறந்து மிகச் சிறு நேரத்துக்குள் குவார்க் குழம்பு குளிர்ந்தபோது இப்படிப்பட்ட கட்டிகள் மிஞ்சியிருக்கலாம், கரும்பொருள் என்று நாம் அழைப்பது அதுவாகவே இருக்கலாம் என்று எழுதினார். அதே ஆண்டு எட்வர்ட் ஃபார்ஹியும் ராபர்ட் ஜாஃபியும் சின்னக் கட்டிகளின் பண்புகளைக் கணக்கிட்டு அவற்றுக்கு ஸ்ட்ரேஞ்ச்லெட் என்று பேர் வைத்தார்கள். அதே ஆண்டு ஆல்வரோ டி ருஹூலாவும் ஷெல்டன் கிளாஷோவும் 'நேச்சர்' இதழில் இன்னும் ஒருபடி போனார்கள்: இவை வானிலிருந்து வந்து பூமியில் மோதினால் எப்படித் தெரியும்? அவர்கள் வைத்த பேர் நியூக்ளியரைட். எனக்கு இந்த மூன்றாவது கட்டுரைதான் பிடிக்கும். மற்ற இரண்டும் இருக்கலாம் என்று சொல்ல, இது மட்டும்தான் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று இடம் சொன்னது.

அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் விந்தைப் பருப்பொருள் 36 கோடி டன் இருக்கும். ஒரு டன் எடையுள்ள உருண்டையின் விட்டம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. தலைமுடி அதைவிடத் தடிமன். ஒரு கிராம் என்றால் பாக்டீரியாவைவிடச் சின்னது. நம் விண்மீன் மண்டலத்தில் சுற்றித் திரியும் எதற்கும் இருக்கக்கூடிய வேகத்தில், விநாடிக்கு சுமார் 250 கிலோமீட்டரில், அது பாறைக்குள் நுழைந்தால் எதிர்ப்படும் அணுக்களை விலக்கித் தள்ளிக்கொண்டே போகும். 0.1 கிராமுக்கு மேல் இருந்தால் பூமியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறிவிடும் என்பது டி ருஹூலா, கிளாஷோ கணக்கு. போகிற வழியில் தண்ணீரோ எண்ணெயோ இருந்தால், தள்ளப்பட்ட அணுக்கள் பல்லாயிரம் டிகிரிக்குச் சூடேறி, கோடு போட்டதுபோல ஒளிரும்.

நிலத்துக்கடியில் ஏன் தேட வேண்டும் என்பதற்கு இங்கேயே காரணம் வந்துவிட்டது. மொட்டை மாடியில் உணரியை வைத்தால் காஸ்மிக் கதிர் மழையில் ஒன்றும் புரியாது. ஒரு கிலோமீட்டர் பாறை அந்த மழையை ஏறக்குறைய நிறுத்திவிடும். பாறையைத் தாண்டி வருவது மிகச் சில மியூவான்களும், எதையும் மதிக்காத நியூட்ரினோக்களும். போதிய எடையிருந்தால் நியூக்ளியரைட்டும் வரும்.

பெரிதாக ஏன் இருக்க வேண்டும்? இதற்கொரு கணக்கு இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை கரும்பலகை இல்லாமல் போட்டுக் காட்டுகிறேன். நம் சூரியன் இருக்கும் வட்டாரத்தில் கரும்பொருளின் அடர்த்தி, விண்மீன்கள் சுழலும் வேகத்திலிருந்து ஓரளவு தெரியும். முழுக் கரும்பொருளும் விந்தைக் கட்டிகள்தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அடர்த்தியை வேகத்தால் பெருக்கி, 1,000 சதுர மீட்டர் பரப்புக்கும் ஓர் ஆண்டுக்கும் பெருக்கினால் வருவது சுமார் 4 மில்லிகிராம். எல்லாத் திசையிலிருந்தும் சேர்த்துச் சொல்கிறேன். பூமியைத் துளைத்துக் கீழிருந்து வர முடியாத சின்னக் கட்டிகள் என்றால் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 4 மில்லிகிராம் எத்தனை துண்டாக வரும்? ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோகிராம் என்றால் ஆண்டுக்கு 4,000 துண்டு வரும், உணரியை மூடிவைத்தாலும் தவறாது. ஒவ்வொன்றும் ஒரு கிராம் என்றால் 250 ஆண்டுக்கு ஒரு தடவை. அதற்கு மேடம் மட்டுமல்ல, மேடத்தின் பேத்திகளும் இருக்க மாட்டார்கள். ஆகவே கனமான கட்டியைத் தேட வேண்டுமானால் பரப்பைக் கூட்ட வேண்டும், அல்லது காலத்தைக் கூட்ட வேண்டும்.

பரப்பைக் கூட்டியவர்கள் இத்தாலியர்கள். ரோமிலிருந்து அட்ரியாட்டிக் கடலுக்குப் போகும் நெடுஞ்சாலை கிரான் சாஸோ மலையைப் பத்துக் கிலோமீட்டர் சுரங்கப்பாதையில் கடக்கிறது. சாலை தோண்டும்போதே பக்கத்தில் மூன்று பெரிய கூடங்களையும் குடைந்து ஆய்வகமாக்கிவிட்டார்கள். தலைக்கு மேல் 1,400 மீட்டர் பாறை. கோலாரில் கூண்டில் ஏறி இறங்கியவர்கள் வயிறெரிய வேண்டிய செய்தி: அங்கே விஞ்ஞானிகள் காரிலேயே போய் இறங்குகிறார்கள்.

அதன் பி கூடத்தில்தான் மேக்ரோ என்ற உணரி 1989-இலிருந்து 2000-ஆம் ஆண்டு இறுதிவரை ஓடியது. நீளம் 76.5 மீட்டர், அகலம் 12, உயரம் 9.3. அது கட்டப்பட்டதற்குப் பின்னால் ஒரு காதலர் தினம் இருக்கிறது. 1982 பிப்ரவரி 14 அன்று ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேரா வைத்திருந்த மீகடத்திச் சுருளில், காந்த ஒற்றை முனை கடந்தால் எந்த அளவு துள்ளல் வருமோ அதே அளவு துள்ளல் பதிவாயிற்று. ஒரே ஒரு முறை. பிறகு வரவேயில்லை. அந்த ஒற்றைத் துள்ளலின் உந்துதலில் உலகெங்கும் பெரிய பெரிய உணரிகள் திட்டமிடப்பட்டன. மேக்ரோவின் பெயரிலேயே காந்த ஒற்றை முனை இருக்கிறது. ஒற்றை முனையும் நியூக்ளியரைட்டும் நடையில் ஒன்றுபோல, இரண்டும் கனம், இரண்டும் மெதுவாக வரும். ஒன்றுக்கு விரித்த வலை இன்னொன்றுக்கும் ஆகும். அதே மேக்ரோ கடைசியில் புகழ்பெற்றது நியூட்ரினோ வகை மாறுவதற்கு ஆதாரம் தந்ததற்காக. அதற்காகக் கட்டப்பட்டதில்லை அது.

மூன்று விதமான கண் அதற்கு. துகள் பாய்ந்தால் மினுங்குகிற எண்ணெய்த் தொட்டிகள். வாயு நிரப்பிய நீளக் குழாய்கள். மூன்றாவதாக, பிளாஸ்டிக் தகடுகள். இந்தத் தகடு சி.ஆர்.39 என்ற வகை. உங்கள் மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக் லென்ஸ் பெரும்பாலும் அதுதான். கனமான துகள் ஊடுருவினால் அந்தப் பாதையில் பிளாஸ்டிக்கின் பிணைப்பு அறுந்துவிடும். வெளியே எடுத்துச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால், அறுந்த இடம் முதலில் அரித்துக் குழி விழும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். சுவரில் மாட்டிவிட்டுப் பத்தாண்டு கழித்து வந்து கழுவிப் பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய்த் தொட்டிகளில் வேறு சூட்சுமம். ஒளியின் வேகத்தை ஒட்டி வரும் மியூவான் மேக்ரோவின் 9.3 மீட்டர் உயரத்தை ஒரு மைக்ரோ நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். நியூக்ளியரைட்டுக்கு ஏறக்குறைய 37 மைக்ரோ நொடி பிடிக்கும். ஆயிரம் மடங்கு சாவகாசம். வேகமான துகளுக்குப் பழக்கிய மின்னணுச் சாதனம், மேலே ஒரு மினுக்கையும் 37 மைக்ரோ நொடி கழித்துக் கீழே ஒரு மினுக்கையும் பார்த்தால், இரண்டையும் தொடர்பில்லாத இரைச்சல் என்று ஒதுக்கிவிடும். ஆகவே மெதுவான துகளுக்கென்று தனியாக ஒரு டிரிக்கர் அமைக்க வேண்டும். எதைப் பதிவு செய், எதை விட்டுவிடு என்று சொல்லும் அந்தச் சுற்று. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய உணரியிலும், இந்த ஒரு சுற்று இல்லையென்றால் நியூக்ளியரைட் நடு ஹாலில் நடந்து போனாலும் பதிவேட்டில் இருக்காது.

மேக்ரோ கண்டது என்ன? ஒன்றுகூட இல்லை.

"மேடம், ஒண்ணுமே கிடைக்கலன்னா எப்படி மேடம் பேப்பர் போடுவாங்க?" என்று முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். முதல் பெஞ்சு சிரித்தது. நான் மேலே சொன்ன கணக்கைப் பலகையில் போட்டு, அவனையே முடிக்கச் சொன்னேன். பத்தாண்டு, ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர், பாதியாகக் கழித்தாலும் 20 மில்லிகிராம் கடந்திருக்க வேண்டும். கடக்கவில்லை. அப்படியென்றால் சில மில்லிகிராமுக்குக் கீழே, உணரியின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேலே, எந்த எடையிலான கட்டியும் முழுக் கரும்பொருளாக இருக்க முடியாது. விட்டனின் யோசனைக்குள்ளிருந்து ஒரு பெருந்துண்டு வெட்டி எடுக்கப்பட்டாயிற்று. தேடிப் பார்க்காமல் இல்லை என்பதற்கும், இவ்வளவு பரப்பில் இவ்வளவு காலம் இந்தக் கண்ணால் பார்த்து இல்லை என்பதற்கும் உள்ள தூரம்தான் அந்தப் பேப்பர். அவன் எழுதிக்கொண்டான், புரிந்ததா என்பது தேர்வுத்தாளில் தெரியவில்லை.

பரப்பைக் கூட்டாமல் காலத்தைக் கூட்டியவர் பெர்க்லியின் பியூஃபோர்டு பிரைஸ். அவர் எடுத்துக்கொண்டது மைக்கா, நம் ஊரில் காக்காப்பொன் என்போம். பூமிக்கடியில் 50 கோடி ஆண்டு கிடந்த மைக்காத் தகட்டில் கனத்த துகள் பாய்ந்த வடு அழியாமல் இருக்கும். அமிலத்தில் அரித்தால் தெரியும். உள்ளங்கைக்குள் அடங்கும் பத்துச் சதுர சென்டிமீட்டர் தகடு 50 கோடி ஆண்டு காத்திருந்தால், அந்தக் காத்திருப்பு மேக்ரோவுடையதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். போட்டுப் பாருங்கள், சரியாக வரும். பிரைஸும் ஒன்றும் காணவில்லை. ஆனாலும் மைக்காவைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வடு வந்தது எப்போது, எந்த வேகத்தில், அப்போது அந்தப் பாறை எவ்வளவு ஆழத்தில் என்று அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கல் சாட்சி ஒரு வார்த்தைக்கு மேல் பேசாது.

இன்னும் கனமான கட்டிகளுக்கு மொத்தப் பூமியையே உணரியாக்க வேண்டும். டி ருஹூலாவும் கிளாஷோவுமே சொன்ன யோசனைதான்: ஒரு டன் கட்டி பூமியைத் துளைத்தால், ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் சாதாரண நிலநடுக்கம் போலன்றி, நேர்கோடு முழுவதிலுமிருந்து ஒரே சமயம்போல அதிர்வு கிளம்பும். டெக்சாஸின் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஹெரின், விக்டோர் டெப்லிட்ஸ் குழு 1990 முதல் 1993 வரையிலான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அதிர்வுப் பதிவுகளைச் சலித்து, 2002-இல் இரண்டு சம்பவங்களை அறிவித்தது. முதலாவது 1993 அக்டோபர் 22: அண்டார்டிகா அருகே நுழைந்த ஏதோ ஒன்று 26 விநாடியில் இந்தியாவுக்குத் தெற்கே கடலில் வெளியேறியதாம். நமக்குக் கீழே, கொழும்பு வானொலி எட்டுகிற தூரத்தில் என்று நானும் நண்பர்களும் கொஞ்ச நாள் பெருமையடித்துக்கொண்டோம். பெருமை நீடிக்கவில்லை. இரண்டாவது சம்பவத்தில் ஒரு நிலையத்தின் கடிகாரம் பிசகியிருந்ததைப் பிறர் காட்டினார்கள். 2006-இல் ஹெரின் குழுவே திருத்திய கணக்கை வெளியிட்டு, கட்டிகளுக்கு மேல்வரம்பு மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. மைக்ரோ நொடி, விநாடி என்று பேசும் துறையில் கடிகாரமே முதல் சந்தேகப் பொருளாக இருப்பது நியாயம்தான்.

இதே ரகத்தில் ஸ்லிம் என்ற சோதனை. மேக்ரோவில் இருந்தவர்களில் சிலர் 400 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் தகடுகளைப் பொலிவியாவின் சக்கல்தாயா மலையில், 5,230 மீட்டர் உயரத்தில், நான்கு ஆண்டுக்கு மேல் வைத்தார்கள். நிலத்தடிக்கு வந்துசேர வலுவில்லாத சின்னக் கட்டிகளையும் பிடிக்கலாம் என்ற கணக்கு. கழுவியபோது ஒரு தகட்டில் வினோதமான குழி வரிசை தென்பட்டது. எத்தனை பேருக்குத் தூக்கம் போயிருக்கும்! சுற்றியிருந்த தகடுகளையெல்லாம் அரித்துப் பார்த்து, கடைசியில் அது பிளாஸ்டிக் தயாரிப்பில் நேர்ந்த அபூர்வமான குறை என்று அவர்களே எழுதினார்கள். அந்தத் துறையில் நான் மதிக்கும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வரும் விருந்தாளிக்காகக் காத்திருப்பது. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே வேறு விதத்தில் இந்தக் கேள்விக்குள் வந்தது. கிஃபு மாகாணத்தில் இக்கேனோ மலைக்கு 1,000 மீட்டர் அடியில், பழைய துத்தநாகச் சுரங்கத்தில், 50,000 டன் தூய நீர். உட்சுவர் முழுக்க 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒளிக்குழாய்கள் 11,000-க்கும் மேல். 1996 ஏப்ரலில் தொடங்கியது. 2001 நவம்பரில் ஒரு குழாய் உடைந்த அதிர்ச்சியில் அடுத்தடுத்து 6,000-க்கும் மேற்பட்டவை நொறுங்கி, பிறகு ஒவ்வொன்றுக்கும் உறை மாட்டி மறுபடி கட்டினார்கள். நியூட்ரினோ வகை மாற்றத்துக்காக அதன் தகாகி கஜிதாவுக்கு 2015-இல் நோபல் வந்ததெல்லாம் ஊரறிந்தது.

நமக்கு வேண்டியது தண்ணீர். அதில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் 22,500 டன்னில் ஆக்சிஜன் அணுக்கருக்கள் எத்தனை என்றால், 7-க்குப் பின்னால் 32 சுழியம் போட வேண்டும். விந்தைக் கட்டிகளிலேயே மிகச் சின்னதாக ஒன்று இருக்கலாம் என்று ராபர்ட் ஜாஃபி 1977-இல் சொல்லியிருந்தார்: இரண்டு அப், இரண்டு டவுன், இரண்டு ஸ்ட்ரேஞ்ச், ஆறு குவார்க் சேர்ந்த ஹெச் என்னும் துகள். அது இரண்டு நியூட்ரானைவிட எடை குறைவாக இருந்தால், ஆக்சிஜன் அணுக்கருவுக்குள் இருக்கும் ஒரு ஜோடி எப்போதாவது அதுவாக இறங்கிவிடும். மாற வேண்டியது இரண்டே குவார்க் என்பதால், பெரிய கட்டிகளுக்கிருந்த தடை இங்கே குறைவு. மாறினால் ஆற்றல் வெளிப்பட்டுத் தண்ணீரில் ஒளி தெறிக்கும். அப்படி ஓர் ஒளி வராததிலிருந்து, ஆக்சிஜன் அப்படி மாற எடுக்கும் காலம் பிரபஞ்ச வயதைவிடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் என்று கிளென்னிஸ் ஃபாரரும் கேப்ரியேலா ஜஹாரியாஷும் 2004-இல் கணக்கிட்டார்கள். இந்த ஆறு குவார்க் துகளுக்கு இன்னும் இடமிருக்கிறது, சற்றே கூடிய எடையில் அது கரும்பொருளாக இருக்கலாம் என்று ஃபாரர் இப்போதும் வாதாடிவருகிறார். சூப்பர் கமியோகாண்டேயில் தண்ணீரே சாட்சி, தண்ணீரே சாட்சிக் கூண்டு. நம் கையில் இருக்கும் பருப்பொருள் எவ்வளவு நம்பகமானது என்பதற்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் எங்கே கிடைக்கும்?

அந்த உத்தரவாதம் ஒருமுறை பொதுமக்களுக்குத் தேவைப்பட்டது. 1999-இல் நியூயார்க் அருகே புரூக்ஹேவனில் தங்க அணுக்கருக்களை மோதவிடும் எந்திரம் தயாரானபோது, அங்கே பிறக்கும் ஸ்ட்ரேஞ்ச்லெட் பூமியை விழுங்கிவிடும் என்று பத்திரிகைகளில் பீதி கிளம்பியது. நான்கு இயற்பியலாளர்கள் உட்கார்ந்து அறிக்கை எழுதினார்கள். காஸ்மிக் கதிர்கள் நிலாவைப் பல நூறு கோடி ஆண்டுகளாக அதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருக்கின்றன, நிலா அங்கேயேதான் இருக்கிறது என்பது அதில் முக்கிய வாதம். எந்திரம் 2000-இல் ஓடத் தொடங்கியது. மறுநாளும் பால் வந்தது.

உண்மையைச் சொன்னால், விட்டனின் யோசனை சரியாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். பிரபஞ்சம் குளிர்ந்தபோது குவார்க் குழம்பு திடீரென்று, தண்ணீர் உறைவதுபோல, நிலை மாறியிருந்தால்தான் கட்டிகள் மிஞ்சும். 2006-இல் கணினிக் கணக்கீடுகள் காட்டியது, அந்த மாற்றம் வழுவழுவென்று படிப்படியாக நடந்திருக்கும் என்பது. கட்டி மிஞ்சுவதற்கு அங்கே தோதில்லை. விந்தைப் பருப்பொருளாலான விண்மீன்கள் இரண்டு மோதிச் சிதறிய சில்லுகள் என்று வேறொரு வழி பாக்கி. அப்படிப்பட்ட விண்மீன் உண்டா என்பதே தீரவில்லை. இருந்தும் தேடுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இதற்கென்று எவரும் தனி மலையைக் குடையவில்லை. இருக்கிற உணரியில் ஒரு டிரிக்கரும் ஓர் ஆய்வு மாணவரும் கூடுதல், அவ்வளவுதான் செலவு.

தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 ஒளியுணரிகளை இறக்கிய ஐஸ்கியூப் அப்படித்தான் மெதுவான துகளுக்கென்று தனி டிரிக்கர் வைத்தது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க நியூக்ளியரைட்டுக்கு 4 மில்லி நொடி வேண்டும். அந்த உணரியின் வழக்கமான அளவில் அது ஒரு யுகம். பிரான்சின் தூலோன் நகருக்கு அப்பால் மத்தியதரைக் கடலில் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் 2022 வரை இயங்கிய அன்டாரெஸும் நியூக்ளியரைட்டைத் தேடி, இல்லை என்று வரம்பு சொல்லி முடித்தது.

நம் பக்கத்தில் கோலார் ஆய்வகம் 1992-இல் மூடப்பட்டது, 2001-இல் சுரங்கமும். அதற்குப் பின் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலைக்கடியில், 50,000 டன் காந்த இரும்பு உணரி ஒன்று திட்டமிடப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதலும் தந்தது. ஊர்க்காரர்களின் எதிர்ப்பு, வழக்கு, மாநில அரசின் மறுப்பு என்று வேலை நின்றுபோனதை வாசகர்கள் அறிவார்கள். எதிர்த்தவர்கள் அனைவரையும் அறிவியல் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. சுரங்க ஊரில் வளர்ந்தவளுக்குப் பாறையை வெடிவைத்துக் குடைவது என்றால் என்னவென்று தெரியும். கணக்கை மட்டும் சொல்கிறேன்: அதன் அளவு 48 மீட்டர், 16 மீட்டர், 14.5 மீட்டர். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் சராசரிக் குறுக்குப் பரப்பு மேக்ரோவுக்கு ஏறக்குறையச் சமம். காந்த ஒற்றை முனையை அதில் எப்படிப் பிடிப்பது என்று நம்மவர்கள் கணக்கிட்டு எழுதியும் வைத்திருக்கிறார்கள். மாதிரிக்குக் கட்டிய 85 டன் உணரி மட்டும் மதுரையில், தரைக்கு மேலே, ஓடுகிறது.

கமியோகாவில் அடுத்தது கட்டப்பட்டுவருகிறது. ஹைப்பர் கமியோகாண்டே: 68 மீட்டர் விட்டம், 71 மீட்டர் உயரம், 2,60,000 டன் தண்ணீர். குறுக்குப் பரப்பில் மேக்ரோவைப்போல ஆறு மடங்கு. கரும்பொருள் முழுதும் விந்தைக் கட்டிகள் என்ற அதே பேச்சுக்கான கணக்கில், ஆண்டுக்கு 20 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். இருபது ஆண்டு ஓடினால், மேக்ரோவுக்கு எட்டாத பத்து மடங்கு கனமான கட்டிகள்வரை கேள்வி கேட்கலாம். நாற்பது மீட்டரோ எழுபது மீட்டரோ, ஒளிவேகத் துகள்களுக்குச் சில நூறு நானோ நொடி போதும் என்றுதான் அங்கேயும் சாதனங்களைப் பழக்குவார்கள். 280 மைக்ரோ நொடி பொறுத்திருந்து மேலிருந்து கீழ்வரை வரும் ஒளிக்கோட்டைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு நிரலையும் யாராவது உட்கார்ந்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது. முதுகலை மாணவர் ஒருவருக்கு நல்ல திட்டப்பணி; நான் இன்னும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தால் கொடுத்திருப்பேன்.